கேள்வி கேட்காத டிஸ்க்

ஒரு காட்டில் ஒரே ஒரு குளம் இருந்தது. குளத்தில் தண்ணீரும் இருந்தது. ஆனால் டோக்கன் இல்லாமல் யாரும் அதில் வாய் வைக்கக் கூடாது என்று சட்டம். டோக்கன் கொடுப்பதற்குக் கரையில் ஓர் அலுவலகம், அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் ஒரு பிரிண்டர். எல்லாவற்றுக்கும் மேலே சூப்பிரண்டாக ஒரு கீரி.

அந்தக் கம்ப்யூட்டர் வாரம் தவறாமல் படுத்துவிடும். அதை எழுப்பத் தெரிந்தது கண்ணாயிரம் என்ற தேவாங்குக்கு மட்டும்தான். இரவில் குளத்துக்குக் காவல் இருந்துவிட்டு, தூங்க வேண்டிய பகலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டும். ஒப்பந்த வேலை. இந்தக் கோடையோடு போகச் சொன்னாலும் போக வேண்டியதுதான்.

எழுப்புவது லேசான காரியமில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு சிஸ்டத்தை மறுபடி ஏற்ற வேண்டும். புதிதாகப் பிறந்த கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற பிரிண்டரையே அடையாளம் தெரியாது. பிரிண்டருக்கு ஒரு டிரைவர், ஸ்பீக்கருக்கு ஒரு டிரைவர் என்று டிஸ்க் டிஸ்காகப் போட்டு, சம்பந்தி வீட்டாரை அறிமுகம் செய்வதுபோல் ஒவ்வொன்றாக அறிமுகம் செய்துவைக்க வேண்டும். அப்புறம் அப்டேட். நடுநடுவே அது வேறு கேள்வி கேட்கும். உன் பெயர் என்ன? எந்தத் தேசம்? அழிக்கவா? நிச்சயமாக அழிக்கவா? பதில் சொல்லி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வரிசையில் நின்ற மான்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிப் போகும்.

ஒருநாள் கண்ணாயிரம் கீரியிடம் போய் நின்றது.

"சார், என்னை நிரந்தரம் பண்ணுங்க சார்."

"பண்ணலாமேப்பா. ஒரு கோடை முழுக்க நீ வேலை பார்த்திருக்கேன்னு கம்ப்யூட்டர் சொல்லணும், அவ்வளவுதான். அது வாராவாரம் செத்துப் பொழைச்சா, அதுக்கு உன்னை எப்படிய்யா ஞாபகம் இருக்கும்?"

கண்ணாயிரத்துக்கு அது நியாயமாகப் பட்டது. நியாயமாகப் படுவதுதான் அதன் வியாதி.

உட்கார்ந்து ஒரு புது டிஸ்க் செய்தது. சிஸ்டம், டிரைவர்கள், அன்றைய தேதி வரைக்குமான அப்டேட் எல்லாம் அந்த ஒன்றுக்குள்ளேயே. கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதிலும் உள்ளேயே எழுதிவைத்தது. டிஸ்கைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால் போதும். எதையும் யாரையும் கேட்காமல் அழித்துவிட்டுப் புதிதாக எழுந்து உட்கார்ந்துகொள்ளும். பாதியில் தானே ஒருமுறை அணைந்து எழும்போது குழம்பாமல் இருப்பதற்குக்கூட ஏற்பாடு இருந்தது. வேலை முடிந்ததும் டிஸ்கை வெளியே எடுக்க வேண்டும். அதை மட்டும் ஆள்தான் செய்தாக வேண்டும்.

தொடக்க விழா நடந்தது. கம்ப்யூட்டர் சொன்னபடி எழுந்தது. கீரி அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கண் படக் கூடாதென்று டிஸ்க் தட்டையும் சேர்த்து மஞ்சள் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டது.

"சார், டிஸ்க் உள்ளே இருக்கு."

"இருக்கட்டும்யா. மங்களகரமா கட்டினதை அவிழ்க்கக் கூடாது."

காட்டில் தினம் கரண்ட் போகும், தினம் வரும். வரும்போதெல்லாம், உள்ளேயே மாட்டிக்கொண்ட டிஸ்கின் புண்ணியத்தில், கம்ப்யூட்டர் யாரையும் கேட்காமல் தன்னை அழித்துக்கொண்டு புதிதாகப் பிறந்தது. டோக்கன் மட்டும் குறையில்லாமல் வந்தது. கோடை முடிந்ததும் கண்ணாயிரம் ஆசையாகப் போய்த் தன் பெயரைத் தட்டிப் பார்த்தது. இன்று காலைதான் வேலையில் சேர்ந்ததாகச் சொன்னது கம்ப்யூட்டர்.

"சார், அந்தக் கயிறை அவிழ்த்திடலாம் சார்."

"உளறாதே! முதலை காலைக் கடிச்சிட்டுதுன்னு ஆயிரத்தெட்டுப் புகார் வந்துச்சு. கரண்ட் போய் வந்தா எல்லாம் காலி. புகாரே இல்லாத காடுன்னு நமக்கு விருது கொடுத்திருக்காங்க, தெரியுமா?"

கண்ணாயிரம் ஒரு முழுப் பகல் யோசித்தது. பிறகு வேறொரு வழி சொன்னது. புது டிஸ்க் செய்யலாம். அதில் சிஸ்டத்தோடு சிஸ்டமாகத் தன் நிரந்தர ஆர்டரையும் சேர்த்துவிடலாம். அப்புறம் எத்தனை முறை அழித்தாலும் தான் பிறவியிலேயே நிரந்தரம்.

கீரி மீசையைத் தடவியது. "செய். ஆனா கயிறை அவிழ்க்கணும்னா ராஜா மனசு குளிரணும். கம்ப்யூட்டர் எழுந்ததும் சிங்கராஜா பேச்சு படத்தோட ஓடணும். அது ஏறினா உன் ஆர்டரும் ஏறும்."

சிங்கராஜா சுருக்கமாகப் பேசிப் பழக்கமில்லாதவர். பேச்சை ஏற்றியதும் டிஸ்க் நிரம்பி வழிந்தது. எதையாவது எடுத்தாக வேண்டும். ஸ்பீக்கர் டிரைவரை எடுத்தால் ராஜா வாயசைப்பார், சத்தம் வராது, தலை போய்விடும். திரை டிரைவரை எடுத்தால் ராஜாவின் முகம் கோணலாகத் தெரியும், அப்போதும் தலைதான். மிச்சம் இருந்தது பிரிண்டர் டிரைவர். நல்ல கனம்.

வெளியே வரிசையில் ஒரு பெண்மான் குட்டியிடம், "இதோ ஆச்சு கண்ணு, டோக்கன் வந்திரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணாயிரத்தின் காதில் அது விழுந்தது. நிரந்தரமானதும் தினம் வந்து தன் கையாலேயே அந்த டிரைவரை ஏற்றிவிடுவோம் என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டு, அதை எடுத்துவிட்டது.

மறுநாள் கம்ப்யூட்டர் எழுந்தது. "என் காட்டில் தாகம் என்ற சொல்லுக்கே இடமில்லை" என்று ராஜாவின் குரல் குளக்கரை முழுக்க முழங்கியது. வரிசையில் நின்றவர்கள் வறண்ட வாயோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். திரையில் தேவாங்கு கண்ணாயிரம், நிரந்தரம் என்று இருந்தது. பிரிண்டர் அசையவில்லை.

"சார், பழைய டிஸ்கை எடுத்து பிரிண்டர் டிரைவரை ஏத்திடறேன்."

"ஏத்தக் கூடாது" என்றது கீரி. "அது ஒப்பந்த ஆள் பார்க்கற வேலை. நீ நிரந்தரம்."

"அப்போ ஒப்பந்த ஆள்?"

"அந்த இடம் காலியா இருக்கு."

"சரி சார். நிரந்தர ஊழியருக்கு டோக்கன் இல்லாம தர்ற தண்ணியாவது எனக்கு..."

"தாராளமா குடி. ஆர்டரைப் பிரிண்ட் எடுத்துட்டு வந்து காட்டு. திரையில இருக்கறது செல்லாது."

கண்ணாயிரம் பிரிண்டரைப் பார்த்தது. கீரியைப் பார்த்தது. பிறகு வெளியே வந்து வரிசையின் கடைசியில், அந்தப் பெண்மானுக்குப் பின்னால் நின்றுகொண்டது.

"என்ன அண்ணே, நீங்களுமா?" என்றது மான். "உள்ளே என்னாச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு."

நீதி: தன் காரியத்துக்காக ஊரைத் தவிக்கவிடுவதில் தவறில்லை; ஆனால் தன் ஆர்டரை முதலில் பிரிண்ட் எடுத்துவிட்டுத்தான் தவிக்கவிட வேண்டும்.