ஏழு சூரர்களும் எர்ணாவூர் விருந்தும்

என் உடம்பில் உயிர் இருக்கிற வரைக்கும் என் மகள் வினிதா அவளுடைய தாய்மாமன் டில்லிபாபு மடியில் உட்கார மாட்டாள். இப்படி ஒரு சபதத்தை நான் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில், ஐஸ் உடைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, தொண்டை கிழியக் கத்தினேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஒரு தடவை சபதம் செய்ய வேண்டியதாகிவிட்டது.

டில்லிபாபு என் மனைவி நீலாவின் தம்பி. அவனும் என்னைப் போல விசைப்படகு டிரைவர். எங்கள் தொழிலில் ஒரு டிரைவருக்குச் சொத்து என்பது வீடோ நகையோ இல்லை, பாயிண்ட். கடலில் எந்த இடத்தில் வலை விட்டால் இறால் ஏறும் என்று ஜிபிஎஸ் பெட்டியில் குறித்து வைத்திருப்போம். கரை திரும்பினால் பெட்டியைக் கழற்றி வீட்டுக்கே கொண்டுபோய்விடுவோம், பெற்ற தாய் கேட்டாலும் சொல்ல மாட்டோம். அப்படிப்பட்ட என் பாயிண்டுக்கு ஒருநாள் விடியற்காலை போய்ச் சேர்ந்தால், அங்கே டில்லிபாபு எனக்கு முன்னாலேயே வலையை விட்டுவிட்டு ஜாலியாக டீ குடித்துக்கொண்டிருக்கிறான். அன்றைக்கு அறுந்தது பேச்சு. இரண்டு வருஷமாகிறது.

நடுவில் மாட்டிக்கொண்டது வினிதாவின் காது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மூன்று வயதில் குத்த வேண்டியது என் சபதத்தால் தள்ளிப் போய் இப்போது ஐந்து. ஒற்றைப்படை வயதில்தான் குத்துவது வழக்கம். இதை விட்டால் ஏழு. அதுவும் மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் நடத்தியாக வேண்டும். முடிந்துவிட்டால் ஆம்பிளைகள் எல்லாரும் கடலில் இருப்பார்கள், விசேஷத்துக்குத் தாம்பூலம் வாங்கக்கூட ஆள் இருக்காது. பிள்ளை என்ன செய்வாள் தெரியுமா? அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து இரண்டு காதிலும் கம்மல் மாதிரி ஒட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இருந்தாலும் ஊரைக் கூட்டிச் செய்த சபதத்தை எப்படி விடுவது?

தடைக்காலம் முடியப் போகிற நேரத்தில் நீலா வெடியைக் கொளுத்தினாள்.

"யோவ், ஞாயித்துக்கெயம எர்ணாவூர்ல எங்கம்மா வூட்ல விருந்து. தம்பியும் வரான். நீயும் வா. மூஞ்சிக்கு மூஞ்சி ஒக்காந்து பேசி முடிச்சிகினா, நக செய்ற பத்தர வரச் சொல்லி காது குத்திடலாம்."

"எனுக்கு வேல கீது."

"இன்னா வேல? போட்டு கரைல கெடக்குது. நீ கட்டில்ல கெடக்கற."

"காட்டுப்பள்ளில ஒரு இன்ஜினு பாக்கணும்."

"போன வாரமும் அத்தானே பாத்த?"

"அது எடது பக்கம். இப்போ வலது பக்கம் பாக்கணும்."

நீலா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஆச்சரியம், மறுவார்த்தை பேசவில்லை. என் பேச்சுத் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கே போய் ஒளிவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது என் பால்ய தோஸ்து மொஹ்சின் பாய் கூப்பிட்டார். ராயபுரத்தில் படகு இன்ஜின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார்.

"குமாரு, ஞாயித்துக்கெயம மத்தியான ஷோவுக்கு ஒரு டிக்கெட்டு கீது. 'சப்த சூரர்கள்', த்ரீடி. ஏயு படத்துல தனித்தனியா வந்த ஏயு பேரும் ஒண்ணா வராங்கோ. என்னால போவ முடியாது. நீ போறியா?"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடவுள் சில நேரம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் உட்கார்ந்திருக்கிறார்.

படம் ஆரம்பித்த பிறகுதான் பக்கத்து சீட்டுக்காரன் இருட்டில் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். மூக்கில் கறுப்புக் கண்ணாடி, கையில் பெரிய பாப்கார்ன் டப்பா. வில்லன் பாவம், தன்னந்தனியாகத் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தான். முதல் சூரன் நெருப்பிலிருந்து வந்தான். ஸ்லோ மோஷன். இரண்டாவது சூரன் மேகத்திலிருந்து வந்தான். இன்னும் ஸ்லோ. நான்காவது ஆள் வரும்போது எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

"இன்னா தலைவா, வில்லன இம்மாந்நேரம் நிக்க வெச்சிக்கீறாங்கோ?" என்றேன், பொதுவாக.

"இத்தினி பேரு வராங்கோன்னு முன்னாடியே சொல்லி இருந்தா ஒரு சேராச்சும் எட்தாந்திருப்பான்" என்றது பக்கத்து சீட்டு.

எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. அவன் டப்பாவை என் பக்கம் நீட்டினான்.

திரையில் ஒருத்தன் இரண்டு கையாலும் கடலை அப்படியே மேலே தூக்கினான். தியேட்டரே விசில் அடித்தது. பக்கத்து சீட்டு மட்டும் அடிக்கவில்லை.

"கடல இம்மாம் ஒசரம் தூக்கறான், ஒரு நெத்திலி கூட வியல பாரு."

"அதான! தண்ணிய மட்டும் தனியா தூக்கறதுக்கு அது இன்னா கொடமா?"

"நல்லதையும் சொல்லணும் தலைவா. கிரேன்ல தொங்கிகினு போட்டாங்களே ஒரு சண்ட, அது டாப்பு. அலைய அப்டியே அந்தரத்துல நிறுத்தினாளே ஒருத்தி, அந்த ஒரு சீனுக்கே குட்த்த துட்டு செரியாப் பூட்ச்சி."

"நான் ஓசில வந்தேன்."

"நானுந்தான்."

ஓசியில் வந்தவர்களுக்குத்தான் படத்தின் குறைகள் நன்றாகத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டோம். ஏழு சூரர்களில் ஆளாளுக்கு ஒரு வசனம், ஆளாளுக்கு ஒரு அடி, ஆனால் யாரும் யார் சொல்வதையும் கேட்பதில்லை. கடைசியில் அவன் சொன்னான்: "இந்தப் படத்துல ஒரே ஒரு கொறதான் தலைவா. ஏயு பேரும் டிரைவரு. வலை இஸ்க்க ஒரு ஆளில்ல."

நான் அசந்து போனேன். முழுப் படத்தையும் ஒரு வாய் பாப்கார்னோடு சொல்லி முடித்துவிட்டானே! என்ன மூளை, என்ன ஞானம், யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்துக்கொண்டே கையை டப்பாவுக்குள் விட்டேன். இடைவேளை. விளக்கு போட்டார்கள். கண்ணாடியைக் கழற்றினேன். அவனும் கழற்றினான்.

என் மாமியார் பெற்ற பிள்ளை.

டில்லிபாபு! அவன் வாய் திறந்தபடியே இருந்தது. எங்கள் இரண்டு பேர் கையும் ஒரே டப்பாவுக்குள் இருந்தது.

"நீ எர்ணாவூர்ல இல்ல இருக்கணும்?" என்றேன்.

"நீ காட்டுப்பள்ளில இல்ல மாமா இருக்கணும்? அக்கா சொல்லிச்சே!"

"அக்காவாண்ட நீ இன்னா சொன்ன?"

"பெரம்பூர்ல தோஸ்துக்குக் காலு ஒட்ஞ்சிடிச்சின்னு சொன்னேன்."

"என் பாயிண்ட்ட திருடனவன்கூட பாப்கார்ன் துன்னுட்டனே!" என்று நான் எழுந்தேன்.

"ஒக்காரு மாமா. நான் திருடல. அக்காதான் குட்த்துச்சு."

உட்கார்ந்தேன்.

"அப்போ வாரக்கணக்கா மீனில்லாம வெறும் போட்டோட திரும்பிகினு இருந்தேன். வூட்ல அடுப்பு எரியல. நீ தூங்கசொல்லோ அக்கா ஜிபிஎஸ் பெட்டியப் பாத்து போன்ல படிச்சிச்சு. சொன்னா உங்க ரெண்டு பேருக்கும் சண்ட வரும்னு, நீ திட்டின திட்டெல்லாம் வாங்கிகினு கம்முனு இருந்தேன்."

என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, என் பெட்டியைத் திறந்து, என் சொத்தை வாரிக் கொடுத்திருக்கிறாள்! அதிர்ச்சியில் எனக்குக் கோபம்கூட ஒழுங்காக வரவில்லை. இவனைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அக்காவுக்காக இரண்டு வருஷம் திருடன் என்று பெயர் வாங்கியிருக்கிறான். வினிதாவின் காதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டு ஞாபகம் வந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இரண்டாம் பாதியில் ஏழு சூரர்களும் ஒருவழியாக ஒன்று சேர்ந்தார்கள். நாங்கள் அதற்கு முன்னாலேயே சேர்ந்துவிட்டோம். வெளியே வரும்போது தோளில் கை போட்டிருந்தோம்.

"மச்சான், சினிமாவுக்கு வந்தத மட்டும் மூச்சு வுடாத. காட்டுப்பள்ளி ரோட்ல யதேச்சயா பாத்துகினோம். ஆம்பளைங்க ரெண்டு பேரு பேசி ஒரு முடிவு எட்த்தோம். காதுகுத்து நம்ம முடிவு. உங்க அக்கா ஆடிப் போவணும்."

"ஆடிப் போவும் மாமா!"

வீரநடை போட்டு எங்கள் தெருவில் நுழைந்தோம். என் வீட்டு வாசலில் சாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"யாரு வூட்டு விசேசம்?" என்று கயிறு கட்டுகிறவனைக் கேட்டேன்.

"உன் வூட்டு விசேசந்தாண்ணா."

உள்ளே போனால் கூடத்தில் பித்தளைத் தட்டு. பட்டுப் பாவாடை, பழம், வெற்றிலை பாக்கு, குட்டியாக ஒரு ஜோடி தங்கக் கம்மல். வினிதா அதைக் காதில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். டில்லிபாபு தட்டையே வெறித்துப் பார்த்தான்.

"யக்கா, மாமன் சீரு நான் இல்ல வாங்கியாரணும்?"

"நீதான் வாங்கிக்கீற. உன் பேர்ல நான் போயி எட்தாந்தேன்."

நான் தொண்டையைக் கனைத்தேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்த பேச்சு வீணாகக் கூடாது.

"நீலா, நானும் மச்சானும் இன்னிக்கு காட்டுப்பள்ளில பேசி ஒரு முடிவு எட்த்துக்கீறோம். வினிதா காதுகுத்து டில்லி மடிலதான்."

"செரி. நாளைக்கு காலைல பத்தர் வராரு. ரெண்டு பேரும் போயி சேவிங் பண்ணிகினு வாங்கோ."

"நாளைக்கா? பத்தராண்ட எப்போ சொன்ன?"

"போன வாரம்."

"எர்ணாவூர் விருந்து இன்னா ஆச்சு?"

"விருந்தா? எங்கம்மா நீ கெளம்பன ஒடனே இங்க வந்துட்டாங்கோ. அடுப்பங்கரைல வட சுட்டுகினு கீறாங்கோ."

டில்லிபாபு அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்த்தான்.

"நாங்க ராசி ஆவோம்னு உனுக்கு எப்டித் தெரியும்?" என்றேன்.

நீலா தம்பியின் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த ஒரு பாப்கார்னை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அத்த வுடுய்யா. உங்க ரெண்டு பேருக்கும் சீட்டு நடுவுலதான போட்டுக் குட்த்தாரு மொஹ்சின் பாய்? பக்கத்து பக்கத்துல இருக்கணும்னு மட்டும் சொன்னேன், ஓரமா வாணாம்னு சொல்ல மறந்துட்டேன்."