ஓவர்லோடு வெட்டிய படங்கள்

ஒரு கல்யாண ஆல்பத்தை நாலே வரியில் அடக்கத் தெரிந்தவன் இந்தப் பூமியில் ஒருவன்தான். அவன் பண்ருட்டியில் இருக்கிறான். பெயர் ஓவர்லோடு.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. ரேஷன் கார்டைப் பார்க்காமல் அவன் மனைவிக்கே அது சட்டென்று வாயில் வராது. முப்பது வருஷத்துக்கு முன்னால் சிதம்பரத்தில் ஒரே விடுதியில் தங்கிப் படித்தவர்கள் நாங்கள் நாற்பது பேர். படிப்பு முடிந்து திசைக்கு ஒருவராகச் சிதறிப்போனோம். வெகுகாலம் கழித்து எங்களைத் தேடிப் பிடித்து, இன்டர்நெட்டில் ஒரு மெயில் குழு ஆரம்பித்தவன் அவன்தான். ஒரு முகவரிக்கு எழுதினால் நாற்பது பேருக்கும் போய்ச் சேரும். நேராகப் போகாது. முதலில் அவனிடம் போகும். அவன் பார்த்து 'சரி' என்றால்தான் மற்றவர்களுக்கு.

அவனுக்கு லாரி ஆபீஸில் சரக்கு புக்கிங் வேலை. பலாப்பழ சீசனில் ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை, எத்தனை பழம், எந்த வண்டி எவ்வளவு தாங்கும் என்று கண்ணாலேயே அளந்து பழகியவன். மெயிலையும் அவன் லாரியாகத்தான் பார்த்தான். இருநூறு கேபிக்கு மேல் போட்டோவோ வீடியோவோ ஒட்டிக்கொண்டு வந்தால், அனுப்பியவனுக்கு அடுத்த நிமிஷம் பதில் வரும்: 'ஓவர்லோடு. இறக்கிவிட்டேன்.' பெயர் வந்த கதை இதுதான்.

கடலூர் பழைய டவுனில் மருந்துக் கடை வைத்திருக்கும் அந்தோணி எங்களில் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்தவன். அவன் நாற்பது போட்டோவை ஜிப் செய்து ஒரே பொட்டலமாக அனுப்பிப் பார்த்தான். ஓவர்லோடு போன் போட்டான்.

"என்னாடா இது?"

"ஜிப்பு மச்சான். உள்ள எல்லாத்தையும் அமுக்கி வச்சிருக்கேன்."

"மூட்டைய இறுக்கிக் கட்டுனா எடை கொறையுமாடா? இருபத்தஞ்சு எம்பி காட்டுது. இறக்கு."

"சரி, நெட்டுல எங்கியாவது போட்டு வச்சிட்டு லிங்க் மட்டும் அனுப்புறேன். லிங்க்குக்கு வெயிட்டே கெடையாது."

"லிங்க் அனுப்பு. வேணாங்கல. ஆனா அதத் தொறக்க முடியாதவன் என்னா பண்ணுவான்?"

இந்தக் காலத்தில் லிங்க் திறக்க முடியாதவன் எவன் என்று அந்தோணிக்குப் புரியவில்லை. எங்களில் யாருக்கும் புரியவில்லை.

வெட்டுவதோடு அவன் நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. படத்தை வெட்டிவிட்டு, அதில் என்ன இருந்தது என்று அந்த இடத்தில் எழுதி அனுப்புவான். அந்தோணியின் மூத்த மகள் கல்யாண ஆல்பம் எங்களுக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது:

'நாற்பது படம் நீக்கப்பட்டது. மாதா கோயில் படிக்கட்டில் மாப்பிள்ளை நிற்கிறார், சிரிக்கவில்லை. அடுத்த முப்பது படத்திலும் சிரிக்கவில்லை. பிரியாணி வந்தபின் சிரிக்கிறார். பெண்ணுக்கு நம் அந்தோணி ஜாடை இல்லை, நல்லவேளை.'

அந்தோணி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ஆனால் வழக்கமாக 'வாழ்த்துகள்' என்று ஒற்றை வார்த்தை எழுதி ஒதுங்கிக்கொள்ளும் கும்பல், அந்த வாரம் பத்தி பத்தியாக எழுதியது. பிரியாணி யார் போட்டது, மாப்பிள்ளைக்கு எந்த ஊர், அந்தோணியின் ஜாடை எந்தப் பிள்ளைக்கு வந்து சேர்ந்தது என்று விசாரணை ஓயவில்லை.

அதே கடலூரில் இருக்கும் என்னையும் அவன் விடவில்லை. ஒரு வாரப் பத்திரிகையில் என் கதை வந்தது. பக்கங்களை ஸ்கேன் எடுத்துப் பெருமையாக அனுப்பினேன். குழுவுக்குப் போனது இது: 'நம் ஆள் எழுதிய கதை, நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன். எழுந்து மிச்சத்தைப் படித்தேன். முடிவு நன்றாக இருக்கிறது. எழுத்தாளர் போட்டோ ரொம்பப் பழசு.'

வினை ரங்கன் ரூபத்தில் வந்தது. ரங்கனுக்கு வீடு சிதம்பரம் தெற்கு வீதியில். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதைக் கொண்டாடி, பட்டு வேட்டியும் மாலையுமாக மனைவியோடு படம் எடுத்து அனுப்பினான். ஓவர்லோடு எழுதினான்: 'ரங்கனும் அவர் மனைவியும். அம்மையார் அப்படியே இருக்கிறார். ரங்கன் தலைக்குச் சாயம் பூசியிருக்கிறான். வலது காதிலும் கொஞ்சம் பட்டிருக்கிறது.'

ரங்கன் கொதித்துப்போனான். ஓவர்லோடைப் பொறுப்பிலிருந்து தூக்க வேண்டும், இல்லாவிட்டால் குழுவிலிருந்து விலகிவிடுவேன் என்று மற்ற எல்லாருக்கும் தனித்தனியாக எழுதினான். பாதிப் பேர் அவன் பக்கம் சாய்ந்தார்கள். குழு இரண்டாக உடையும் நிலை. கடைசியில் ரங்கன், அந்தோணி, நான் மூவரும் நேரில் போய்ப் பேசி முடிப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டிக்கு பஸ் ஏறினோம்.

கதவைத் திறந்தது அவன் மனைவி. "வாங்கண்ணே. அவுரு உள்ள போட்டோ பாத்துக்கினு இருக்காரு" என்றார். என்னமோ பூஜையில் இருக்கிறார் என்கிற தொனி.

உள்ளே கம்ப்யூட்டர் திரையில் யாருடைய வீட்டுக் கிருகப்பிரவேசமோ தெரிந்தது. ஓவர்லோடு கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, பூதக்கண்ணாடி வைத்து அதை ஆராய்ந்துகொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும், "வாங்கடா. இது பசுவா காளையா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. கால் மறைக்குது" என்றான்.

ரங்கன் உட்காரக்கூட இல்லை. "ஒன்ன யாருடா எழுதச் சொன்னது? போட்டோவ அப்படியே அனுப்புனா ஒனக்கு என்னா போவுது? இப்பல்லாம் யாருக்குடா மெயில் ரொம்பிப் போவுது?"

ஓவர்லோடு பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தான்.

"யூசுப்புக்கு" என்றான்.

பரங்கிப்பேட்டை யூசுப் விடுதியில் ரங்கனின் அறைத் தோழன். படித்து முடித்ததும் கப்பலில் இன்ஜினியராகப் போனவன். வருஷத்தில் பாதி நாள் நடுக்கடலில்தான் இருப்பான். அங்கே அவனுக்கு மெயில் வருவது சாட்டிலைட் வழியாக, நூல் மாதிரி ஒரு லைனில். முன்னால் வருவது பெரிதாக இருந்து சிக்கிக்கொண்டால், பின்னால் வருகிற அத்தனையும் நிற்கும்.

"குரூப்பு ஆரம்பிச்ச புதுசுல ஒரு தேர் வீடியோ வந்துச்சே, ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டான்.

எங்களுக்கு மங்கலாக இருந்தது.

"அத அனுப்புனவன் நான்தான்டா. தேர் நெலைக்கு வர்ற வரைக்கும் முழுசா எடுத்து அனுப்புனேன். அது அவன் லைன்ல போயி குந்திக்கிச்சு. பின்னாடி அவன் மச்சான் அனுப்புன மெயிலு நிக்கிது. பொண்ணு பொறந்திருக்குன்னு. எட்டு நாளு. எட்டு நாளு கழிச்சுதான் அவனுக்கே தெரியும், அவன் அத்தா ஆயிட்டான்னு."

ஓவர்லோடு நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கித் துடைத்தான்.

"கரைக்கு வந்ததும் எனக்குப் போன் பண்ணான். 'வீடியோ சூப்பர்டா மச்சான்'னான். வேற ஒண்ணும் சொல்லல. அவனூட்டு ஆளுங்க சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரியும். திட்டியிருந்தா அன்னிக்கே மறந்திருப்பேன்டா. அவன் திட்டல."

அந்தோணி மெதுவாகக் கேட்டான். "சரிடா, வெட்டுறது புரியுது. அதுக்கு எதுக்கு எழுதுற?"

"வெட்டிட்டா அவனுக்கு என்னா தெரியும்? நீங்கள்லாம் லிங்க்கப் பாத்துக்குவீங்க. கடல்ல இருக்கிறவனுக்கு?"

"அதுக்குக் காதுல மை பட்டதெல்லாம் எழுதணுமா?" என்றான் ரங்கன். குரலில் பாதிச் சூடு இறங்கியிருந்தது.

"அத உட்டுட்டு எழுதுனா அது ஒன் போட்டோவேயில்லடா. வேற எவனோ மாலை போட்டுக்கினு நிக்கிற மாதிரி இருக்கும்."

ரங்கன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "காதுல மட்டுந்தான தெரிஞ்சுது?" என்று கேட்டான்.

"கழுத்துலயும் இருந்துச்சு. அத எழுதல."

சமாதானம் ஏற்பட்டுவிட்டது. அதற்கு மேல் பேச ஒன்றுமில்லாததால் நால்வரும் சேர்ந்து திரையைப் பார்த்து, அது பசுதான் என்று முடிவு செய்தோம். பஸ் ஏறும்போது ஆளுக்கொரு பலாப்பழம் கொடுத்தனுப்பினான். கடலூர் வரைக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கஷ்டம் தனிக் கதை.

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிறது. போன வருஷம் யூசுப்பே குழுவுக்கு எழுதினான். கப்பலில் இப்போது நல்ல இன்டர்நெட் வந்துவிட்டது, எவ்வளவு பெரிய படமானாலும் வரும் என்று. ஓவர்லோடு மறுபேச்சுப் பேசாமல் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டான். ஒரு வாரம் படமாகக் கொட்டித் தீர்த்தோம். யாரும் யாருடைய படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எட்டாம் நாள் யூசுப்பிடமிருந்து மெயில்: 'எல்லாத்தையும் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ எழுதுனாத்தான்டா ஊருக்கு வந்துட்டுப் போன மாதிரி இருக்கும்.'

அன்றிலிருந்து படமும் வருகிறது, அதன் கீழே அவன் எழுதியதும் வருகிறது. முதலில் அவன் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எல்லாரும் படத்தைத் திறக்கிறோம்.

சமீபத்தில் நான் கடற்கரையில் எடுத்துக்கொண்ட படம் ஒன்றை அனுப்பினேன். அதன் கீழே அவன் எழுதியிருந்தான்: 'கடல் நன்றாக இருக்கிறது. இவன் இளைத்திருக்கிறான். சட்டை தோளில் நிற்கவில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்பான். கடலூரில் இருப்பவர்கள் யாராவது போய்ப் பார்க்கவும்.'

மறுநாள் காலை கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் அவனே நின்றான்.

"கடலூர்ல இருக்கிறவனத்தானடா போகச் சொல்லி எழுதியிருந்த?"

"எழுதுனேன். அனுப்பிட்டு இன்னொரு வாட்டி படத்தப் பாத்தேன். அவனுங்கள நம்பி உட முடியல. செருப்ப மாட்டு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

எனக்கு ஒன்றுமில்லை என்று வழி நெடுக ஆட்டோவில் சொல்லிக்கொண்டே வந்தேன். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். "கூட வந்தவங்க யாரு?" என்று கேட்டார் நர்ஸ். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் எழுந்து நின்றிருந்தான்.