நசுங்காத எலுமிச்சம்பழம்

முத்தியால்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்.

பெருமதிப்பிற்குரிய மச்சான் கமலக்கண்ணன் அவர்களுக்கு, தங்கை புருஷன் கோவிந்தராசு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், உங்கள் தங்கை செல்வாம்பாள், மகள் சிந்துஜா, டெம்போ ஆகிய நால்வரும் சுகம். டெம்போவுக்கு மட்டும் காலையில் கொஞ்சம் இருமல். விழுப்புரத்தில் தாங்களும் அக்காவும் அக்காவின் முட்டிவலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் முன்னறையில் தும்மினால் சமையல்கட்டிலிருந்து "நூறாயுசு" என்று குரல் வரும். இந்த விஷயமோ அம்மா, மகள் இருவர் காதிலும் விழக்கூடாதது. அதனால்தான் டெம்போவில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன்.

சிந்துஜா வீடியோ கேம் செய்யும் கம்பெனியில் மூன்று மாதச் சோதனை வேலையில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். பாண்டிச்சேரித் தெருக்களில் வண்டி ஓட்டும் விளையாட்டு அது. அதில், என்னுடையதைப் போல் ஆளேற்றும் மூன்று சக்கர டெம்போ அவள் பொறுப்பு. வண்டி எப்படிக் கிளம்பும், எப்படிச் சாயும், எங்கே நிற்கும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் வேலை. முதலில் அவள் காட்டிய டெம்போவைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது மச்சான். பிரேக்கைத் தொட்டதும் நிற்கிறது! இருபத்தெட்டு வருஷத்தில் என் வண்டி அப்படி ஒருநாளும் நின்றதில்லை. பிரேக்கை மிதிக்கணும், சாமியைக் கூப்பிடணும், அதற்கப்புறம் அது யோசித்து நிற்கும். மணிக்கூண்டு கிட்டே திரும்பினால் உள்ளே பத்துப் பேரும் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தர் முழங்கை இன்னொருத்தர் விலாவில் படவில்லை, யாரும் யாரையும் திட்டவில்லை. மாட்டின்மேல் மோதினால் வண்டி மாட்டுக்குள் புகுந்து அந்தப் பக்கமாக வெளியே வருகிறது. மாடு அசைபோடுவதை நிறுத்தவே இல்லை.

"இன்னா கேம் இது?" என்று கேட்டேன். "அதான் உன்ன கேக்கறேன். பிரேக் அடிச்சா எவ்ளோ தூரத்துல நிக்கும்பா?" என்றாள். "குறுக்க யாரு வராங்கன்றதப் பொறுத்து" என்றேன். அன்றிலிருந்து மூன்று மாதம் சாப்பிடும்போதும் பல் விளக்கும்போதும் அவளுக்கு நான் பாடம் சொல்லாத நாள் கிடையாது. வைத்திக்குப்பத்தில் மீன் கூடையோடு கன்னியம்மாள் இறங்கியதும் வண்டியின் இடது பக்கம் நாலு விரல் உயரும் என்று சொன்னேன். பெண் அதையும் செய்துவிட்டாள்! திரையில் அந்தப் பொம்பளை இறங்குகிறாள், வண்டி உஸ்ஸென்று மூச்சு விட்டு நிமிர்கிறது. கண் கலங்கிவிட்டது மச்சான். நான் பெற்றதுதான் என்று அன்றைக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

இனி என் பாவக்கதை. வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து முதலாளி வந்து டெம்போவை ஓட்டிப் பார்க்கிறார், பிடித்தால் வேலை நிரந்தரம் என்றார்கள். விவரம் தெரிந்தவன் என்ற முறையில் நானும் காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். சிந்துஜா அவரை வரவேற்க வாசலுக்குப் போன நேரம், எனக்கு மனசு கேட்கவில்லை. புது வண்டி, முதல் ஓட்டம், சக்கரத்துக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம் வேண்டாமா? அவளோடு வேலை செய்யும் பிரேம்குமாரிடம் சொன்னேன். பிள்ளைச்சாவடிப் பையன், படகுக்கே பழம் கட்டும் வீடு. உடனே கம்ப்யூட்டரிலேயே மஞ்சளாக ஒன்றை உருட்டி முன்சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டான். "எடை எவ்ளோ சார் போடறது?" என்று கேட்டான். "பழத்துக்கு இன்னாப்பா எடை? நசுங்கறதுதான அதோட வேல. சும்மா வுடு" என்றேன். சும்மா விட்டான்.

எடை சொல்லாத பொருளை அந்தக் கம்ப்யூட்டர் தரையோடு தரையாக எண்ணிக்கொள்ளுமாம். அசையாதாம், நசுங்காதாம். இது எனக்கு எப்படித் தெரியும்? முதலாளி உட்கார்ந்து கியர் போட்டார். சக்கரம் பழத்தில் ஏறியது. அடுத்த நிமிஷம் பத்துப் பயணிகள், கன்னியம்மாள், மீன் கூடை எல்லாவற்றோடும் டெம்போ ஆகாயத்தில் கிளம்பி, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவரின் மொட்டைமாடியைத் தாண்டி, இரண்டு குட்டிக்கரணம் போட்டுக் கடலில் விழுந்தது. இதில் கொடுமை, பறக்கும்போதுகூட ஒருத்தரும் கம்பியை விடவில்லை.

"என் தப்பு சார், பாத்துட்டு சொல்றேன்" என்றாள் என் மகள். பிரேம்குமார் என்னைப் பார்த்தான். நான் சீலிங்கைப் பார்த்தேன். "திங்கட்கிழமை சொல்றேன்மா" என்று சொல்லிவிட்டு முதலாளி எழுந்து போனார். பெற்ற பெண் என் பழியைச் சுமந்துகொண்டு நிற்க, நான் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது மச்சான்.

அன்று சாயங்காலத்திலிருந்து நான் வாய் திறக்கவில்லை. சாம்பாரில் உப்பில்லை, அதற்கும் பேசவில்லை. சிந்துஜா ஸ்கூட்டியை எடுக்கும்போது "சைடு ஸ்டாண்டு" என்றுகூடச் சொல்லவில்லை. துக்கத்தில் பெண் காலை ஒன்பது வரை தூங்குகிறாள். செல்வாம்பாள் சமையல்கட்டில் பாட்டு முணுமுணுக்கிறாள். அதிர்ச்சியில் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது.

தாங்கள் முப்பது வருஷம் பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்தவர். ஒரே ஓர் உதவி. "என் சர்வீசில் எலுமிச்சம்பழத்தில் ஏறிய எந்த மூன்று சக்கர வாகனமும் ஆகாயத்தில் பறந்ததாகத் தகவல் இல்லை, மேற்படி டெம்போ நல்ல நிலையில் உள்ளது, குற்றம் முழுக்கப் பழத்தையே சேரும்" என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பவும். பழம் வைத்தது யார் என்பது மட்டும் அதில் வேண்டாம்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் வண்டிகளுக்கும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
தலைகுனிந்த மச்சான்,
கோவிந்தராசு.

பி.கு.: திங்கட்கிழமை. சர்டிபிகேட் வேண்டாம்; பச்சைப் பேனாவைத் திறந்திருந்தால் மூடிவிடவும். மனசு பொறுக்காமல் காலையில் நானே கம்பெனிக்குப் போய், முதலாளி முன்னால் கைகட்டி நின்று, "பழம் வெச்சது நான்தான் சார், பொண்ணு மேல தப்பில்ல" என்று சொல்லிவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலமே சிந்துஜா பிரேம்குமாரிடம் விசாரித்து, அவருக்குப் போன் போட்டு என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டாளாம். அவர் பழத்தை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டி, கன்னியம்மாள் இறங்கியதும் வண்டி நிமிர்ந்ததைப் பார்த்து, அப்போதே அவளுடைய வேலையை நிரந்தரமாக்கிவிட்டாராம். பழமும் விளையாட்டில் அப்படியே இருக்கப் போகிறதாம். "ஏண்டி, மூணு நாளா வீட்ல ஒரு வார்த்த சொல்லலியே?" என்று மகளைக் கேட்டேன். "நீ வாயே தொறக்காம இருந்தியாப்பா, வீடு ரொம்ப நல்லா இருந்துது. இன்னும் ஒரு வாரம் போவட்டும்னு அம்மாதான் சொல்லிச்சு" என்றாள்.