வேற்றுக்கிரக ஜீவனுக்குக் காது கிடையாது

அன்புள்ள மருமகனுக்கு,

உன் தாய்மாமன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் நலம். பதிலுக்கு நீ நலமா என்று கேட்பதுதான் முறை. இந்த ஒருமுறை கேட்கப்போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்பது பத்திரிகையில் வந்த உன் புகைப்படத்திலேயே தெரிகிறது. போனில் பேசலாமென்றால், நான் வாயைத் திறந்ததும் "மாமா, சிக்னல் போகுது" என்கிறாய். கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம். உட்கார்ந்து படி.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் படம் வெள்ளிக்கிழமை எல்லைக்கு அந்தப் பக்கம் நடக்கும் திரைப்பட விழாவுக்குப் போகிறதாம். அதற்குள் நான் வரும் கவுண்டர் காட்சியில், அந்த ஜீவன் தன் காதைக் காட்டுகிற இடத்தை நீ வெட்டிவிட வேண்டும். மொத்தம் ஆறு வினாடி. கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டேன். அப்படியே பெயர்ப் பட்டியலிலிருந்து என் பெயரையும் எடுத்துவிடு. ஏன் என்று கேட்பாய். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

ஏழு மாதத்துக்கு முன்னால் நீ வீட்டுக்கு வந்து, "மாமா, ஒரு கதை. வேற்றுக்கிரகத்துலேர்ந்து ஒரு ஜீவன் இறங்குது. சரியா எல்லை வேலி மேல இறங்குது. நாலு கால் இந்தப் பக்கம், நாலு கால் அந்தப் பக்கம். ரெண்டு நாடும் அதுகிட்ட பேப்பர் கேக்குது. எப்படி?" என்றாய். நான் உடனே கேட்டது நினைவிருக்கிறதா? "தலை எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். நீ திருதிருவென்று விழித்தாய். தலை இருக்கிற பக்கத்தில்தானே விண்ணப்பம் வாங்குவார்கள்? சோதனைச்சாவடி கவுண்டரில் இருபத்தொன்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வுபெற்றவன் நான். இந்த அடிப்படைகூடத் தெரியாமல் எல்லையைப் பற்றிப் படமெடுக்கக் கிளம்பிவிட்டாயே என்று அன்றே உன்னை வாசலோடு அனுப்பியிருக்க வேண்டும். உன் அம்மா முகத்துக்காக, போகட்டும் என் அக்கா பிள்ளைதானே என்று சும்மா இருந்தேன். அங்கேதான் ஆரம்பித்தது எனக்குச் சனி.

முதலில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி போயிற்று. "ரெண்டே நாள் மாமா, விண்கலத்துக்கு" என்றாய். விண்கலத்துக்கு வெள்ளிப் பூச்சு அடித்து, அடியில் கதவு வைக்கிறேன் என்று ஒரு ஓட்டையும் போட்டாய். பதினொரு நாள் நானும் உன் அத்தையும் பக்கத்து வீட்டில் வாளி ஏந்தி நின்றோம். விண்கலம் இறங்குகிற ஓசைக்கு உன் அத்தையின் மிக்ஸி. அது நீ படமெடுத்த திடலில் ஓடிக்கொண்டிருந்ததால் அடுப்படியில் அரைக்க ஒன்றுமில்லை; நான் பத்தியச் சாப்பாடு சாப்பிட்டேன். அப்புறம் விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த ரப்பர் மெத்தை. அதைக் கிழித்து அந்த எட்டுக் கால் ஜீவனுக்கு உடம்பு தைக்கவைத்தாய். உலகத்தை ஆட்டிவைக்க வந்த ஜீவன், கிட்டே போனால் என் வீட்டு அலமாரி வாசனை அடித்தது. எனக்கு எங்கிருந்து பயம் வரும்?

கடைசியில் சோதனைச்சாவடி செட் போடக் காசில்லை என்று என் முன்னறையையே கவுண்டராக்கி, தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு கிழித்துவிட்டாய். அடுப்படி, குளியலறை, உன் அத்தை மூன்றும் வேற்று நாட்டில். நான், சாய்வு நாற்காலி, வாசல் இந்த நாட்டில். ஒரு வாய் தேநீர் கேட்டால் உன் அத்தை கோட்டுக்கு அந்தப் பக்கம் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, "எதுக்கு வர்றீங்க? எத்தனை நாள் தங்குவீங்க? இங்க உங்களுக்கு யார் இருக்கா?" என்று கேட்டாள். விளையாட்டு போதும் என்றேன். "இருபத்தொம்பது வருஷம் நீங்க கேட்டதுதானே, ஒரு வாரம் பதில் சொல்லிப் பாருங்க" என்றாள். நீ பக்கத்தில் நின்று சிரித்தாய். அதையும் நான் மறக்கவில்லை.

இப்போது மெத்தைக்காரருக்கு வருகிறேன். ஜீவனின் உடம்பைத் தைக்க நீ கூட்டிவந்தாயே, மெத்தை தைக்கிறவர், ஒல்லியாக, பேசாத மனிதர். தைத்து முடித்த பிறகு பார்த்தால் அந்த உடம்புக்குள் அவரைத் தவிர யாரும் நுழைய முடியவில்லை. தன் அளவுக்கே தைத்துவிட்டார். நீ கூப்பிட்டிருந்த நடிகர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். சரி, நீங்களே உள்ளே போங்க என்று அவரை உள்ளே தள்ளிக் கொக்கி மாட்டிவிட்டாய். ஒன்பது நாள் என் முன்னறையில் உட்கார்ந்து தைத்தவர் அவர். தண்ணீர் குடிக்கப் போக வேண்டுமென்றால் அந்தச் சுண்ணாம்புக் கோட்டருகே வந்து நின்று, என்னைப் பார்த்து, "வரலாமா ஐயா?" என்பார். நான் தலையசைத்த பிறகுதான் தாண்டுவார். எவ்வளவு மரியாதை தெரிந்த மனிதர் என்று உன் அத்தையிடம் சொன்னேன். அவள், "அது மரியாதை மாதிரி தெரியல" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சரி, காட்சிக்கு வருகிறேன். நீ எழுதியது என்ன? அதிகாரி, அதாவது நான், அந்த ஜீவனின் கண்களைப் பார்க்கிறார். அவர் கண் கலங்குகிறது. "கோடுகளை மனிதன் போட்டான், வானம் போடவில்லை" என்கிறார். பச்சை முத்திரை குத்தி அனுப்புகிறார். எந்த ஊரில், எந்த அதிகாரி அப்படிப் பேசினான்? இருபத்தொன்பது வருடத்தில் நான் அதிகம் சொன்ன சொல் "அடுத்து" என்பது மட்டும்தான். இருந்தாலும் உனக்காக மனப்பாடம் செய்தேன். பதின்மூன்று முறை எடுத்தாய். பதின்மூன்று முறையும் வசனம் சரியாக வந்தது. கை மட்டும் சிவப்பு முத்திரைக்கே போயிற்று. நான் என்ன செய்ய? நீ கொடுத்த விண்ணப்பத்தில் தேதி இல்லை, கையெழுத்து இல்லை, பிறந்த இடம் என்ற கட்டத்தில் "நட்சத்திரம்" என்று போட்டிருந்தது. அதற்கு எவன் பச்சை குத்துவான்?

பதின்மூன்றாவது முறையில் அந்தத் தாள் ஜீவனின் கோழையில், அதாவது உன் சோப்புத் தண்ணீரில், நனைந்து கூழாகிவிட்டது. "யார்கிட்டயாவது பழைய விண்ணப்பம், முத்திரை குத்தினது, ஏதாவது இருக்கா?" என்று நீ கத்தினாய். மெத்தைக்காரர் ஜீவனின் உடம்போடு மூலைக்குப் போய், தன் பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த ஒன்றை எடுத்துக்கொடுத்தார். நீயும் பார்க்காமல் வாங்கி, திரும்ப அவர் கையிலேயே திணித்து, ஆரம்பிங்க என்றாய்.

ஜீவன் அதைக் கவுண்டரில் நீட்டியது. நான் பிரித்தேன். ஒரு பெண் குழந்தையின் படம், ஆறு வயது இருக்கும். தலைமுடி இடது காதை மூடியிருந்தது. அவ்வளவுதான் மருமகனே, எனக்கு வசனம் மறந்துபோயிற்று. எதிரே நிற்பது எட்டுக் கால் ஜீவன் என்பதும் மறந்துபோயிற்று. "காது தெரியலையே. காது தெரியணும். காதைக் காட்டுங்க" என்றேன். விதி அது. இரண்டு காதும் தெரிய வேண்டும்.

அந்த ஜீவன் அசையாமல் நின்றது. பிறகு மெத்தைக் கையைத் தூக்கி, கழுத்துக் கொக்கியை ஒவ்வொன்றாகக் கழற்றி, தலை ரப்பரை இடது பக்கம் ஒதுக்கி, முகத்தைத் திருப்பிக் காதைக் காட்டியது. காட்டிக்கொண்டே நின்றது. நான் சிவப்பை எடுத்துக் குத்தினேன். "அடுத்து" என்றேன். நீ "கட்" சொல்ல மறந்துவிட்டாய். கேமராக்காரர் மூக்கை உறிஞ்சினார். அப்புறம் எல்லோரும் கை தட்டினீர்கள். நீ ஓடிவந்து, "மாமா, பச்சையெல்லாம் வேணாம், இதுதான் படம்" என்று என்னைக் கட்டிக்கொண்டாய்.

நீங்கள் கை தட்டிக்கொண்டிருந்தபோது நான் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் குத்திய சிவப்புக்குக் கீழே இன்னொரு சிவப்பு இருந்தது, பன்னிரண்டு வருடத்துக்கு முந்தியது. அதன் ஓரத்தில் என் சுருக்கொப்பம். காரணம் என்ற கட்டத்தில் என் கையெழுத்தில் "காது தெரியவில்லை". மனைவியையும் மகளையும் அந்தப் பக்கத்திலிருந்து இங்கே அழைத்துக்கொள்ள மெத்தைக்காரர் போட்ட விண்ணப்பம் அது. திருத்திப் போட ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. மூன்றாம் மாதமே அந்த வகை விண்ணப்பத்தை அரசாங்கம் நிறுத்திவிட்டது. அவர் அங்கே போனால் திரும்ப முடியாது; திரும்பாவிட்டால் அங்கே அவர்களுக்குச் சாப்பாடு இல்லை. இதெல்லாம் அவர் என்னிடம் சொல்லவில்லை. உன் அத்தையிடம் அடுப்படியில் சொன்னாராம். அவருக்கு என்னை முதல் நாளே அடையாளம் தெரிந்துவிட்டதாம். எனக்கு அவரைத் தெரியவில்லை. ஆயிரக்கணக்கான முகம் பார்த்தவன் நான், ஒன்றும் நினைவில்லை. தாளைக் காட்டினால்தான் தெரிகிறது.

இதில் என் தவறு என்ன, சொல். விதியை நான் எழுதினேனா? முடியை ஒதுக்கிவிட்டுப் படமெடுக்க வேண்டியது படமெடுத்தவன் பொறுப்பு. ஆனால் நீ வாடகை மண்டபத்தில் அறுபது பேரைக் கூட்டிப் படத்தைப் போட்டுக் காட்டியதிலிருந்து என் பாடு திண்டாட்டமாகிவிட்டது. நான் திரையில் வந்ததும் பின்வரிசையில் உச்சுக் கொட்டினார்கள். காய்கறிக்காரம்மா இப்போதெல்லாம் பையை நேராக உன் அத்தையிடம்தான் நீட்டுகிறார். முடிவெட்டப் போனேன். முடிதிருத்துபவர் துண்டைப் போர்த்திவிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல், "காது தெரியற மாதிரி வெட்டவா சார்?" என்று கேட்டார். உன் அம்மா இருக்கிறாளே, என் கூடப் பிறந்தவள், மண்டப வாசலில் என் தோளில் கை வைத்து, "தம்பி, நீ நடிக்கவே இல்லையேடா" என்றாள். பாராட்டு என்று நினைத்து வீடு வரை சந்தோஷமாக வந்தேன். செருப்பைக் கழற்றும்போதுதான் புரிந்தது.

நீ பேட்டியில், அந்தக் காது "எல்லா உயிருக்குள்ளும் இருக்கும் மனிதத்தின் குறியீடு" என்று அளந்திருக்கிறாய். அது குறியீடும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அது மெத்தைக்காரரின் காது. போகட்டும், தொழில்முறையாகவே சொல்கிறேன். ஒன்றரை மணி நேரமாகக் காதே இல்லாமல் திரிகிற வேற்றுக்கிரக ஜீவனுக்கு அந்த ஒரு இடத்தில் மட்டும் மனிதக் காதும் பாதி முகமும் எங்கிருந்து வந்தன? விழாவில் இருப்பவர்கள் விவரமானவர்கள், கேட்பார்கள். உன் பெயர்தான் கெடும். அதனால் உன் நன்மைக்காகவும் என் மானத்துக்காகவும் வெட்டு என்கிறேன். தொட்டியை ஓட்டை அடைத்துக் கொடு. மிக்ஸியைக் கொடு. மெத்தையைப் பற்றி இனிமேல் பேசி என்ன.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்த படத்திலாவது மனிதர்கள் மட்டும் இருக்கட்டும். அதற்கு என் வீடு வேண்டாம். நீ எடுப்பதெல்லாம் ஓடட்டும் என்று, கோபத்தோடுதான் என்றாலும், மனதார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மெத்தைக்காரர் வந்தார். ஜீவனின் எட்டுக் காலையும் பிரித்து மறுபடி மெத்தையாகத் தைத்துத் தோளில் தூக்கி வந்திருந்தார். சுண்ணாம்புக் கோட்டை உன் அத்தை கழுவிவிட்டுப் பல நாளாகிறது. அது இருந்த இடத்தில் நின்று, "வரலாமா ஐயா?" என்றார். இந்த முறை அது எனக்குச் சரியாகக் காதில் விழுந்தது. உன் அத்தைதான் வாங்க என்றாள்.

அவருக்கும் சம்மதமாக இருக்கும் என்று நினைத்து இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். "மத்ததெல்லாம் சரிங்க ஐயா. அந்தக் காது வர்ற இடத்தை மட்டும் வெட்டச் சொல்லாதீங்க. விழா நடக்கிற ஊர்லதான் மகள் இருக்கா. பாக்கப் போறேன்னு சொல்லியிருக்கா. படம் பூரா நான் மெத்தைக்குள்ள இருக்கேன். மூஞ்சி தெரியறது அங்க மட்டும்தான்" என்றார்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது மருமகனே. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மேலே எழுதியதில் தொட்டியையும் மிக்ஸியையும் தவிர எல்லாவற்றையும் அடித்துவிடு. அந்த இடத்தை வெட்டாதே. ஆறு வினாடி போதாது. அவள் கடைசியாக அவரைப் பார்த்தபோது ஐந்து வயது, அடையாளம் பிடிபட நேரமாகும். என் முகம் வருகிற இடத்தில் எடுத்து அங்கே சேர். என் பெயரும் பட்டியலில் அப்படியே இருக்கட்டும். மறுத்தது யார் என்று அந்தப் பெண் தெரிந்துகொள்ள வேண்டும்.