ஜரிகை போட்ட டியூப்லைட்

சபாபதி சொன்ன சொல் மாறாதவர். தாமே வாய் திறந்து கூப்பிடாமல் மச்சான் தர்மன் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். பின்னே என்ன? வளைகாப்பு வீட்டில் எல்லாரும் ஒரு ஜோக்குக்குச் சிரித்து முடித்த பிறகு இவர் சிரித்தார். "மாமா டியூப்லைட்டு, லேட்டாத்தான் எரிவாரு" என்றான் தர்மன். எலக்ட்ரீஷியன் வாய், வேறு எப்படி இருக்கும்?

போதாத காலம், தறிக்கு மேலே இருந்த நிஜ டியூப்லைட் கண்ணடித்துக் கண்ணடித்து அணைந்தே போனது. நாளைக்குத் தறியிலிருந்து அறுத்துக் கொடுக்கவேண்டிய கல்யாணப் புடவையில் முந்தானை பாக்கி. அரக்கு எது, கறுப்பு எது, ஒன்றும் தெரியவில்லை.

"தம்பியைக் கூப்பிடட்டுமா?" என்றாள் மனைவி ஏலவார்குழலி. வளைகாப்புக்குப் பிறகு தம்பி முகத்தையே பார்க்காத ஏக்கம் அவளுக்கு.

"அவன் எதுக்கு? ஸ்டூலைப் புடி."

ஏறினார். டியூபைத் திருகினார். ஸ்டார்ட்டரை மாற்றினார். ஊஹும்.

"சோக்கு போச்சு."

"யாருக்கு? லைட்டுக்கா, உங்களுக்கா?"

"ஸ்டூலைப் புடின்னா ஸ்டூலை மட்டும் புடிமா!"

டியூப் மாட்டும் பட்டியைக் கழற்றினால் உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது. சபாபதிக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"அட, இழை அறுந்திருக்குது! நாள் பூரா இதைத்தானே பிணைச்சிக்கினு இருக்கேன்? நூலு குடு."

"உங்க கைவேலைக்கு ஜரிகைதாங்க எடுப்பா இருக்கும்" என்று அவள் ஜரிகையை நீட்டினாள். சபாபதி குளிர்ந்து போனார். முறுக்கி, வரிந்து, பக்கத்தில் தோலுரிந்து கிடந்த இன்னொரு ஒயரையும் ஆடாமல் சேர்த்துக் கட்டினார்.

"சுவிச்சைப் போடு!"

டப்! ஃப்யூஸ் போய் வீடே இருட்டு. வேறு ஆளைப் பிடிக்கலாமென்றால், ஊரிலிருந்த மற்ற எலக்ட்ரீஷியன் எல்லாரும் கோயில் கருடசேவைக்கு சீரியல் பல்பு கட்டப் போய்விட்டார்கள். சபாபதி பாக்கி முந்தானையை நினைத்தார். தலையைச் சொறிந்தார். கடைசியில் தெருமுனை டெலிபோன் பூத்துக்குப் போய், "கொஞ்சம் வீட்டுக்கு வாப்பா தர்மா" என்றார்.

வந்தான். ஜரிகைக் கட்டைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தான். "இன்னா மாமா, ஜரிகை வெள்ளிக் கம்பியாச்சே, இதுல கரண்டு பாயும்னு அக்காவுக்கே தெரியுமே!"

லைட் எரிந்தது. தர்மன் அக்கா கையால் மூன்று தோசை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினான். சபாபதி தறியில் உட்கார்ந்து ரெண்டு இழை போட்டார். கை நின்றது.

"ஏம்மா, பட்டு நூலும் அங்கியேதான் இருந்துது. அதைக் குடுத்திருக்கலாமில்ல?"

"குடுத்திருக்கலாம். லைட்டுதான் வந்திருக்கும், தம்பி வந்திருக்க மாட்டானே."