அலமாரிக்குள் புளிச்சக்கீரை

சில பேருக்குக் கைராசி உண்டு. காய்ந்த குச்சியை நட்டாலும் தழைத்துவிடும். என் கையில் பிளாஸ்டிக் பூச்செடியைக் கொடுத்தாலும் ஒரே வாரத்தில் வாடிவிடும் என்பது என் மனைவி கவிதாவின் கணிப்பு. அதை மறுக்கும் தைரியம் எனக்கு இல்லை. ஆனாலும் இந்தக் கையால் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை செடி வளர்த்தேன். அமோகமாக வளர்ந்தது. அதனாலேயே அரபு நாட்டு ஜெயிலுக்குப் போகப் பார்த்தேன்.

ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் சூளைப் பக்கம் எனக்கு வேலை. கேம்ப் ரூமில் நானும் சகாயமும் மட்டும்தான். சகாயம் குமரி மாவட்டக் கடற்கரைக்காரன், எலக்ட்ரீஷியன், தினமும் முழங்கால் போட்டு ஜெபம் செய்கிற ஆள். நான் தருமபுரிப் பக்கம். ஜெபத்துக்கும் எனக்கும் பரீட்சைக் காலத்தில் மட்டும்தான் பழக்கம்.

அந்த வருஷம் லீவு முடிந்து நான் கிளம்பும்போது கவிதாவுக்கு நாலு மாசம். பெட்டி கட்டும்போது, துணியில் முடிந்த புளிச்சக்கீரை விதையை என் சட்டைப் பையில் வைத்தாள்.

“எதுக்கு இது?” என்றேன்.

“பச்சைக் கொழந்தைய உங்க கையில குடுக்கறதுக்கு முன்னாடி, ஒரு கீரைய வளத்துக் காட்டுங்க. அப்புறம் பாக்கலாம்.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்குச் சுருக்கென்று இருந்தது. பிரசவத்துக்கு வருவதற்குள் ஒரு செடியாவது வளர்த்து, போட்டோ எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும் என்று மனசுக்குள் சபதமே போட்டுவிட்டேன். (இப்படி விதை கொண்டுபோகக் கூடாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத சங்கதிகள் இன்னும் வரும், பொறுங்கள்.)

வேலை மும்முரத்தில் மூணு மாசம் ஓடிய பிறகுதான் முதல் ஈட்டை ஒரு தயிர் டப்பாவில் விதைத்து ஜன்னலுக்கு வெளியே வைத்தேன். முளைத்த அன்றைக்கே மத்தியானம் போய்ப் பார்த்தால் எல்லாம் கருகிக் கிடந்தன. நான் சூளையில் சுடும் டைல்ஸுக்குக்கூட அவ்வளவு சூடு காட்டியதில்லை.

இரண்டாம் ஈட்டை ரூமுக்குள் வைத்தேன். டூட்டிக்குப் போகும்போது தண்ணீர், வந்ததும் தண்ணீர், நான் டீ குடித்தால் அதற்கும் தண்ணீர். ஒரு வாரத்தில் எட்டு நாற்றும் அடித்தண்டு நூலாக இளைத்து, வரிசையாகச் சாய்ந்து படுத்துக்கொண்டன. போனில் கவிதாவிடம் சொன்னேன்.

“கொழந்தைக்கும் இப்பிடித்தான் புகட்டுவீங்களா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்ததில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

மூன்றாம் ஈட்டை எடுக்கும் முன் முறையாகப் படித்துவிடுவது என்று செல்போனில் தேடினேன். ஒரு வெள்ளைக்காரர் கிடைத்தார். குடுமி, தாடி, பனியன். ரூமுக்குள்ளேயே நாற்று வளர்க்கிறார். அவர் பேசிய இங்கிலீஷில் வாட்டர், ரூட், ஸ்லோலி என்ற மூன்று வார்த்தைதான் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த மனுசனின் அக்கறை இருக்கிறதே, அதற்குப் பாஷையே வேண்டாம். விரலை மண்ணில் ஒரு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர். அதையும் தண்டின் மேல் கொட்டாமல், சுற்றி ஓரமாகக் கரண்டியால் விடுகிறார். கப்பைக் கையில் தூக்கி எடை பார்க்கிறார். செடியை ‘ஷி, ஷி’ என்று பெண் பிள்ளையாகவே பாவித்துப் பேசுகிறார். ஆஹா, கீரை வளர்த்தால் இப்படியல்லவா வளர்க்க வேண்டும் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் செய்ததையெல்லாம் அப்படியே செய்தேன். கேம்ப் ரூமில் தொட்டி வைக்கக் கூடாது என்பதால் என் ஸ்டீல் அலமாரியைக் காலி செய்தேன். உள்ளே சுற்றிலும் மெஸ்ஸில் சப்பாத்தி சுற்றும் வெள்ளித்தாளை ஒட்டினேன். கையடக்க ஃபேன் ஒன்று வைத்தேன். தண்ணீருக்கு ஏசியிலிருந்து சொட்டுவதைப் பெயின்ட் வாளியில் பிடித்துவைத்தேன். மிச்சம் ஊதா நிற லைட் ஒன்றுதான்.

“சகாயம், ஊதா கலர்ல எல்இடி கெடைக்குமா? அலமாரிக்குள்ள மாட்டணும். யாருக்கும் சொல்லாத.”

சகாயம் வெள்ளித்தாளைப் பார்த்தான். ஃபேனைப் பார்த்தான். அப்புறம் என்னை நெடுநேரம் பார்த்தான்.

“வீட்டுல எதாம் பிரச்சனையா மக்கா?”

“எல்லாம் கவிதாவுக்காகத்தான்,” என்றேன்.

அவன் ஒரு பெருமூச்சு விட்டான். மறுநாளே லைட்டை மாட்டிக் கொடுத்தான். எனக்கு ஓவர்டைம் வந்த நாட்களில் கரண்டியால் தண்ணீரும் விட்டான். அந்த ஒரு மாசமாக அவனுடைய ஜெபம் வழக்கத்தைவிட நீண்டுகொண்டே போனது. அவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

செடிகளோ, அடடா! முதலில் சாதாரண இலைதான் விட்டன. நாலாம் வாரத்தில் ஒவ்வொரு இலையும் கை விரித்ததுபோல் ஐந்து விரலாகப் பிரிந்து, ஓரமெல்லாம் ரம்பப் பல்லோடு வந்தது. புளிச்சக்கீரை தெரிந்தவர்களுக்கு அது புளிச்சக்கீரை. தெரியாதவர்களுக்கு அது என்னவாகத் தெரியும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. என் பிரசவ லீவும் கையெழுத்தாகிவிட்டது. இன்னும் இரண்டு வாரம்தான்.

ஒரு விடுமுறை நாள் காலை பத்து மணிக்குக் கேம்ப் பாஸ் குல்சார் பாய் ரூம் செக்கிங் வந்தார். திருட்டுத்தனமாக அடுப்பு வைத்திருக்கிறார்களா என்று பார்க்கும் வழக்கமான செக்கிங்தான். ஆறடி உயரப் பட்டாணியர். அலமாரியைத் திறந்தார். ஊதா வெளிச்சம் அவர் தாடியில் விழுந்தது. ஆடாமல் அசையாமல் நின்றார்.

மனுசன் சொக்கிப்போய்விட்டார் என்று நான் நினைத்தேன்.

அதுவரை அந்தச் செடிகளைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவன் அல்லவா நான்? எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கவுரையே ஆரம்பித்துவிட்டேன். விரல் விட்டுப் பார்க்கும் முறை, கரண்டி முறை, ஏசி தண்ணீரின் மகிமை, எல்லாம். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். பெருமையாகப் போனை எடுத்து என் குருநாதரைப் போட்டுக் காட்டினேன். குல்சார் பாய் வீடியோவின் தலைப்பைப் படித்தார். அப்புறம் குருநாதரின் பனியனைப் பார்த்தார். பனியனில் பெரிதாக ஒரு பச்சை இலை. (ஒரு மாசமாக நான் அந்த மனுசனின் கையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.) அலமாரியில் அதே போல எட்டுச் செடி.

“யே கிஸ்கா ஹை?” இது யாருடையது என்கிறார்.

“மேரா ஹை பாய்!” என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

பின்னாலிருந்து சகாயம் முன்னால் வந்தான். முகம் வெளுத்திருந்தது. “மேரா பி ஹை, பாய்,” என்றான். எனக்கும் பங்கு உண்டு என்று அர்த்தம்.

எனக்குக் கோபம் வந்ததே பார்க்கணும். நாலு கரண்டி தண்ணீர் ஊற்றிவிட்டுப் பேர் வாங்குகிற நேரத்தில் பங்குக்கு வருகிறானே!

குல்சார் பாய் மெதுவாகச் சொன்னார். “காஞ்சா.” கஞ்சா என்கிறார்.

அந்த நிமிஷம்தான் எனக்கு எல்லாம் உறைத்தது. கீரைக்கு இந்தியில் என்ன பேர் என்று ஞாபகம் வரவில்லை, காய்கறிக்குச் சப்ஜி என்பதுதான் வந்தது. “சப்ஜி, பாய்! சப்ஜி!” என்று அலறினேன்.

“மாட்டுறவன் எல்லாம் மொதல்ல சப்ஜின்னுதான் சொல்லுவான்,” என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனைக் காதில் வைத்தார். மணி அடிப்பது எனக்கே கேட்டது. அந்தப் பக்கம் எடுத்துவிட்டால் போலீஸ் வரும். வந்தால் வேலை போகும், விசா போகும், லீவு போகும். கவிதா பிரசவ வார்டில் படுத்திருக்க, நான் ஜெயிலில் இருப்பேன். ஒரு கீரை வளர்த்துக் காட்டச் சொன்னவளுக்கு இதையா காட்டுவது? நான் வாய் விட்டே அழுதேன்.

அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு மெஸ் சமையல்காரர் அப்பாராவ் எட்டிப் பார்த்தார். ஆந்திராக்காரர்.

“பாபோய்! கோங்கூரா!”

கோங்கூரா என்றால் தெலுங்கில் புளிச்சக்கீரை. அவர் அப்படிக் கத்தியது காணாமல் போன தம்பியைக் கண்ட சந்தோஷத்தில். யாரும் தடுப்பதற்குள் உள்ளே பாய்ந்து ரெண்டு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். கண்ணில் ஜலம் வந்துவிட்டது. குல்சார் பாய், “துப்பு! துப்பு!” என்று கத்தினார். அப்பாராவ் துப்புகிற ஜாதியா? இன்னொரு இலையைக் கிள்ளி, துளியும் பயமில்லாமல் குல்சார் பாய் வாய்க்கு நேரே நீட்டினார்.

குல்சார் பாய் ஓரத்தில் துளி கடித்தார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. உதடு கோணியது.

“கட்டா!” புளிக்கிறது என்று அர்த்தம். போனைக் கட் செய்தார்.

அரை மணி நேரத்தில் அலமாரி காலியாக வேண்டும், இனிமேல் ரூமில் ஒரு புல்கூட முளைக்கக் கூடாது, அவ்வளவுதான், கலாஸ் என்று உத்தரவு போட்டார். போகும்போது மட்டும் வாசலில் திரும்பி நின்றார். “பானி அச்சா தியா,” என்றார். தண்ணீர் நன்றாக விட்டிருக்கிறாய் என்று பொருள். என் கைக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே நற்சான்று.

எல்லாரும் போன பிறகு சகாயம் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தான்.

“எடே, அப்போ அது நெசமாவே கீரையா?”

“பின்ன என்னன்னு நெனச்ச?”

“கஞ்சான்னுதான்.”

“ஒரு மாசமாவா? அப்புறம் ஏன்டா தண்ணி ஊத்துன?”

“செடி என்னடே பாவம் செஞ்சுது?”

“சரி, பாய் கேட்டப்போ உன்னுதும்னு ஏன் சொன்ன? ஜெயிலுடா!”

அவன் தலையைச் சொறிந்தான். “கவிதா தங்கச்சிக்கு இது மாசம்லா. ரெண்டு பேரா மாட்டுனா ஒனக்குப் பாதியாச்சும் கொறையும்னு நெனச்சேன்.”

சட்டத்தில் அப்படியெல்லாம் பங்கு பிரித்துக் கொடுக்க மாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பதில் அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். பேர் வாங்க வந்தான் என்று இவனைப் பற்றியா நினைத்தேன் என்று வெட்கமாக இருந்தது. இந்த மாதிரி ஒரு மனுசனை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

எட்டுச் செடியும் அன்றைக்கு மத்தியானமே அப்பாராவின் சட்டிக்குப் போயின. ஆளுக்கு ஒரு கரண்டிகூட வரவில்லை. குல்சார் பாய்க்கும் ஒரு கிண்ணம் அனுப்பினோம், கிண்ணம் கழுவாமலே சுத்தமாகத் திரும்பி வந்தது.

இரண்டு வாரம் கழித்து ஊருக்குப் போனேன். பிரசவம் ஆனதும், கதை முழுவதையும் கேட்டுவிட்டு, கவிதா குழந்தையை என் கையில் தந்தாள். பெண் குழந்தை. “சகாயம் அண்ணன நம்பித்தான் குடுக்கறேன்,” என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது அஞ்சு வயசு. வீடியோ காலில் என் முகம் தெரிந்தாலே, “நீங்க தள்ளுங்க, மாமாவக் கூப்பிடுங்க” என்பாள். சகாயம் எங்கே இருந்தாலும் ஓடி வருவான். வாரம் தவறாமல் அதே கேள்வி, அதே பதில்.

“மாமா, அப்பாவ உள்ள வச்சிட்டாங்களா?”

“இல்ல மக்ளே, இன்னும் வெளியதான் நிக்கான். வச்சா நானும்லா கூடப் போவேன்.”