நூற்றுப்பதின்மூன்றாம் இலக்க வேம்பு

இணுவில்,
வியாழக்கிழமை.

பெருமதிப்புக்குரிய அத்தானுக்கு, இராசநாயகம் வணக்கத்துடன் எழுதுவது. திருகோணமலையில் அக்காவும் நீங்களும் சுகமென்று நம்புகிறேன். இங்கும் சுகமென்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், எழுத முடியவில்லை.

மகள் கோபிகா படித்துக்கொண்டே, அரியாலைப் பக்கம் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான காட்டில் பகுதிநேர வேலை செய்கிறாள். மரங்களை நெஞ்சு உயரத்தில் நாடாவால் சுற்றி அளந்து, இலக்கத் தகடு அடித்து, காடு காற்றிலிருந்து எவ்வளவு காபனை, அதாவது கரியை, இழுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது என்று கணக்குப் பார்ப்பதாம். பாம்புக்குப் பயந்து முதல்நாள் நானும் துணைக்குப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம். நடுக்காட்டில் பெரிய வேம்பு, அடியில் வைரவர் சூலம், இவள் என் கண்முன்னே அந்த மரத்தில் 113 என்று ஆணி அடித்துவிட்டாள். "பிள்ளை, இது வைரவரின்ரை மரம்" என்றேன். "அவரிட்டையும் காபன் இருக்குத்தானே அப்பா" என்கிறாள். அன்று பின்னேரம் எங்கள் வாசல் படலையில் வந்து குந்திய கறுப்பு நாய் இன்னும் போகவில்லை. வைரவருக்கு வாகனம் எதுவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நான் என்ன செய்ய அத்தான், அடுத்தநாள் மத்தியானம் ஒருத்தருக்கும் தெரியாமல் போய், வடைமாலை சாத்தி, மன்னிப்புக் கேட்டு, ஆணியைக் கழற்றி, தகட்டை வீணாக்கக் கூடாதென்று பக்கத்தில் நின்ற கைமொத்தக் கன்றில் அடித்துவிட்டு வந்தேன். நேற்று இந்த வேலைக்குப் பொறுப்பான கேதீஸ்வரி மிஸ் அளவுகளைச் சரிபார்க்கப் போயிருக்கிறா. பிள்ளையின் கொப்பியில் 113இன் சுற்றளவு இருநூற்றுப்பத்து சென்ரிமீற்றர், நாடாவில் பதினெட்டு. "மரம் மெலியிறேல்லைப் பிள்ளை. அளக்காமலே எழுதினீரோ?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டிருக்கிறா. திங்கட்கிழமைக்குள் பதில் இல்லையென்றால் வேலையும் இல்லையாம். பிள்ளை சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். உண்மையைச் சொன்னால் ஆணி திரும்ப ஏறும், சொல்லாவிட்டால் என்ரை பிள்ளை கள்ளியாகிவிடும். வைரவருக்கும் பயம், மிஸ்ஸுக்கும் பயம், இப்ப படலை திறக்கவும் பயம். நீங்கள் பள்ளிக்கூட அதிபராயிருந்தவர், உடனே பஸ் ஏறி வந்து மிஸ்ஸோடை கதையுங்கோ.

அக்காவுக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகளை மரங்களுக்குக் கிட்டப் போகவிடாதீர்கள். கந்தசுவாமியார் எல்லாரையும் காப்பாற்றட்டும்.

பயத்துடன்,
இராசநாயகம்

பி.கு.: கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை, இதைச் சனிக்கிழமை எழுதுகிறேன், நீங்கள் வரவேண்டாம். பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஏலாமல் நானே மிஸ்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலை தப்பியது. மிஸ் சிரித்தா. "ஐயா, அந்தச் சூலம் போன வருஷம் நான் நட்டது. விறகு வெட்ட வாறவை பயப்பிடட்டும் எண்டு." எனக்குப் போன உயிர் வந்தது. தகட்டைத் திரும்ப மாட்ட மிஸ், பிள்ளை, நான் என்று மூன்றுபேருமாகப் போனோம். வேம்புக்குக் கிட்ட வந்ததும் மிஸ் செருப்பைக் கழற்றினா.

"நீங்கள் நட்டதுதானே மிஸ்?"

"நட்டது நான்தான், ஐயா. அவர் எப்ப வந்தவர் எண்டு எனக்குத் தெரியாதே."

113ஐ ஆணியில்லாமல் கயிற்றால் கட்டிவிட்டு, மூன்றுபேரும் திரும்பிப் பார்க்காமல் வந்தோம்.